வாசகர் கேள்வி – பதில்: ஜீப் ஓட்டமும் சிறுநீரக நோயாளர் நிதியும்

கேள்வி: நான்கு சில்லும் இழுக்கும் ஃபோர் வீல் ஜீப் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் விடுமுறை நாள்களில் நமது திருகோணமலை மாவட்டத்தின் குச்சவெளி, புல்மோட்டைப் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் ஓட்டி வருகிறோம். இவ்வருடம் அந்த ஓட்டத்தைக் கொண்டு சிறுநீரக நோயாளருக்குப் பணம் திரட்டி, இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுக்க எண்ணுகிறோம். ஆனால், டீசலுக்குச் செலவிடும் காசை நேரே கொடுத்தால் ஆகாதா என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– வாசகர், உவர்மலை

பதில்: வீட்டார் கேட்பது நியாயமே, அதற்குக் கணக்கைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். டீசல், சாப்பாடு, மீட்பு வாகனம் ஆகியவற்றின் செலவை ஓட்டுபவர்களே கைக்காசில் போட்டுக்கொண்டு, வெளியார் தரும் ஒவ்வொரு ரூபாயும் நோயாளருக்கே சேரும் என்று பற்றுச்சீட்டிலேயே அச்சிட்டுவிட்டால் அந்தக் கேள்வி அடங்கிவிடும். 2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சென்றவர்கள் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பெருந்தொகை திரட்டினார்கள். நடக்காமலேயே அவர்கள் பணம் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பவர் தாமும் சிரமப்படுகிறார் என்று கண்டபிறகே பலருக்குக் கை இளகுகிறது. உங்கள் ஜீப்பின் கதவில் கடைப் பெயர் ஒட்டுவதற்குப் பணம் தரும் வியாபாரியும், பக்கத்து ஆசனத்தில் ஒரு சுற்று வருவதற்குக் கட்டணம் கட்டும் இளைஞரும் சும்மா நீட்டும் உண்டியலில் அவ்வளவு போடமாட்டார்கள்.

இயந்திரம் வாங்கும் எண்ணத்தை மட்டும் சற்று ஒத்திவையுங்கள். ஒரு நோயாளருக்கு நான்கு மணிநேரம் இரத்தம் சுத்திகரிக்கும்போது ஏறத்தாழ 120 லீற்றர் நீர் செலவாகிறது; அதுவும் குழாய் நீரல்ல, உப்பும் குளோரினும் நீக்கிய நீர். அந்த நீரைத் தயாரிக்கும் அமைப்பு, ஒவ்வொரு முறைக்கும் வேண்டிய வடிகட்டியும் குழாய்களும், பயிற்சி பெற்ற தாதியர், பழுது பார்ப்பவர் எல்லாம் இருந்தால்தான் இயந்திரம் ஓடும். இல்லையேல் பொலித்தீன் உறையுடன் மூலையில் கிடக்கும். ஆகவே முதலில் வைத்தியசாலைப் பணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் வடிகட்டியும் கட்டில் விரிப்பும் கேட்டால், நாடா வெட்டிப் படம் பிடிக்க அவை உதவாவிட்டாலும், அவற்றையே கொடுங்கள். ஏன் வருகிறது என்று இன்னும் முடிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் ஒன்று வட மத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்தது. நமது மாவட்டத்தின் பதவிசிறிபுரப் பகுதியும் அதனால் பாதிக்கப்பட்டிருக்கிறது. அங்குள்ள விவசாயக் குடும்பங்களுக்கு நல்ல குடிநீர் கிடைக்கச் செய்வதும் உங்கள் நிதிக்குப் பொருத்தமான வேலைதான்.

கேள்வி: பணம் நல்ல காரியத்துக்கு என்றாலும், இந்த ஜீப்காரர்கள் கடற்கரையை உழுது போட்டுவிட மாட்டார்களா? ஆபத்தும் உண்டல்லவா?
– வாசகி, நிலாவெளி

பதில்: உழுதுதான் போடுவார்கள், வழியை முன்கூட்டியே வரையறுக்காவிட்டால். ஆழமான டயர்த் தடத்தில் விழுந்த ஆமைக்குஞ்சு கடலை எட்டமுடியாமல் அதற்குள்ளேயே அலையும். ஆதலால் ஆமை முட்டையிடும் கரையை முழுமையாகத் தவிர்க்க வேண்டும். மாரி மழையில் வயல் வரம்பையும் குளக்கட்டையும் சிதைத்துவிட்டு நன்கொடை கொடுத்தால் கமக்காரர் மன்னிக்கமாட்டார். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில், வனவளத் திணைக்களத்தினதும் வனசீவராசிகள் திணைக்களத்தினதும் அனுமதி தேவைப்படும் இடங்களில் அதைப் பெற்றுக்கொண்டு, ஏற்கெனவே உள்ள பாதையிலேயே ஓடுவதே முறை. போர் நடந்த மாவட்டம் என்பதால், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பக்கம் ஒரு சில்லுக்கூடத் திரும்பக்கூடாது.

ஆபத்தைப் பொறுத்தவரை, மணலில் புதைந்த ஜீப்பை இழுக்கும் நேரமே மோசமானது. இழுவைப் பட்டியை டிரெயிலர் மாட்டும் குமிழில் கொளுவினால், இழுவிசை தாங்காமல் குமிழ் முறிந்து பீரங்கிக்குண்டுபோல் பறக்கும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். சட்டகத்தில் பொருத்திய கொளுக்கியில் மாட்டி, பட்டியின் நடுவில் கனத்த துணி போட்டு, பார்ப்பவர்களைப் பட்டியின் நீளத்தைவிடத் தூரத்தில் நிறுத்த வேண்டும். உண்மையில், டயர்க் காற்றை 30 இறாத்தலிலிருந்து 18க்கு இறக்கினால் டயர் தட்டையாக விரிந்து மணலில் மிதக்கும். பாதி இழுவைக்கு அவசியமே வராது. திரும்பித் தார் வீதி ஏறும்போது காற்றை நிரப்ப மறக்கக்கூடாது. போட்டி ஓட்டங்களில் ஏற்படும் சேதத்தைச் சாதாரண வாகனக் காப்புறுதி பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதால், ஏற்பாட்டாளர் ஒப்பந்தத்தை முன்னரே வாசித்துக்கொள்ள வேண்டும். சிகிச்சைக்குப் பணம் சேர்க்கப் போனவரே விபத்துப் பிரிவில் கட்டில் பிடித்துக்கொள்வது யாருக்கும் அழகல்ல.

கேள்வி: சிறுநீரக நோயாளரை வைத்தியசாலைக்கு எங்கள் ஜீப்புகளிலேயே ஏற்றிச் சென்று வரலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: நல்ல மனம், ஆனால் வேண்டாம். சுத்திகரிப்பு முடிந்து எழும்புபவருக்கு இரத்த அழுத்தம் விழுந்து தலை சுற்றுவது வழக்கம். உயர்த்திக் கட்டிய ஜீப்பில் ஏறவே அவருக்கு ஆள் பிடிக்க வேண்டும்; இறுகிய ஸ்பிரிங்கில் குலுங்கிப் போவது அதனிலும் கொடுமை. வாரத்தில் இரண்டு, மூன்று தடவை வந்து போகிறவர்களுக்குத் திரட்டிய பணத்தில் வான் கூலி கொடுங்கள். அவரவர் சுத்திகரிப்பு நேரத்தைத் தாதியரிடம் கேட்டறிந்து ஓர் ஊரவரை ஒரே வானில் சேர்த்துவிட்டால் செலவும் குறையும்.