மரக் கடைசலைக் காணொளியில் கற்க முடியும்போது கழகம் எதற்கு?

"மரக் கடைசலை யூடியூபிலேயே கற்றுக்கொள்ள முடியும்போது, அமெரிக்காவில் உள்ளூர்க் கடைசல் கழகம் ஒன்றில் சந்தா கட்டிச் சேர்வதால் என்ன பயன்? சொந்தமாக லேத் வாங்கிய பிறகுதான் சேர வேண்டுமா?" என்பது கேள்வி. லேத் என்னும் எந்திரத்தில் கட்டையைச் சுழலவிட்டு, உளியால் கிண்ணம் போன்ற பொருள்களை உருவாக்குவதுதான் மரக் கடைசல்.

மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டின் புறநகர் ஒன்றில் இயங்கும் கடைசல் கழகத்தில் ஆறு ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். அதற்கு முந்தைய எட்டு மாதங்கள் காணொளிகளை மட்டுமே நம்பி, வீட்டுக் கார் கொட்டகையில் தனியாகக் கடைந்துகொண்டிருந்தேன். அந்த எட்டு மாதமும் என் உளி மொண்ணையாகவே இருந்தது என்பது கழகத்துக்குப் போன முதல் நாளில்தான் எனக்குத் தெரியவந்தது. மரம் சுருளாக வராமல் தூளாக உதிர்ந்தபோது மரத்தைக் குறை சொன்னேன். கிண்ணத்தின் உட்புறம் பிய்ந்து பிய்ந்து வந்தபோது உப்புத்தாளை மாற்றினேன். சாணை பிடிப்பது எப்படி என்று தேடியிருந்தால் நூறு காணொளிகள் கிடைத்திருக்கும். ஆனால் உளியின் மேல் சந்தேகம் வந்தவன்தானே அப்படித் தேடுவான்?

அன்று என் உளியை வாங்கிப் பார்த்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர். கார்த் தொழிற்சாலைகளின் வார்ப்படங்களுக்கு மரத்தில் மாதிரி உருக்கள் செய்து ஓய்வு பெற்றவர். இங்கே எல்லோரையும் பெயர் சொல்லி அழைப்பதுதான் வழக்கம் என்றாலும், அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. 'சார்' என்கிறேன், அவர் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறார். அவர் உளியின் வெட்டும் விளிம்பை ஒட்டிச் சாய்வாகத் தேய்த்திருக்கும் சரிவுப் பகுதி முழுவதும் கறுப்பு மார்க்கரால் தீட்டி, ஓடாத சாணைக்கல்லின் மேல் வைத்துக் கல்லைக் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். மை அழிந்த இடம் உளியின் முனையில் இல்லை, முனைக்குக் கால் அங்குலம் பின்னால் இருந்தது. அதாவது, இத்தனை நாளும் நான் உளியின் முதுகைத்தான் தேய்த்திருக்கிறேன். வெட்டும் விளிம்பைக் கல் தொட்டதே இல்லை. கோணத்தைச் சற்று மாற்றி, மை விளிம்புவரை சீராக அழியும்படி வைத்துக் காட்டிவிட்டு, உளியை என் கையில் கொடுத்து மீண்டும் என்னையே மை தீட்டச் சொன்னார். மொத்தம் பத்து நிமிட வேலை.

மாதக் கூட்டம் எங்களுக்கு ஒரு பள்ளியின் மரவேலைக் கூடத்தில் நடக்கிறது. முதல் அரைமணி நேரம் அறிவிப்புகளும் காப்பியுமாகக் கழிந்துவிடும். பிறகு ஒருவர் லேத்தின் முன் நின்று ஒரு பொருளை ஒன்றரை மணி நேரத்தில் கடைந்து காட்டுவார். உளியின் முனைக்கு மேலே தொங்கும் கேமரா அதைப் பெரிய திரையில் காட்டும். திரையைப் பார்ப்பதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். ஆனால் கூடத்தில் இருப்பவர்கள் பாதி நேரம் திரையைப் பார்ப்பதில்லை, காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். கூரான உளி ஈர மேப்பிள் மரத்தில் ஓடும்போது எழும் சீரான சீறல் ஒன்று உண்டு. விளிம்பு மழுங்கத் தொடங்கியதும் அந்த ஒலி வறண்டுபோய்க் கரகரக்கும். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று இன்னொருவருடன் பேசிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், லேத் இருந்த திசையைப் பார்க்காமலே, "சாணைக்குப் போக வேண்டிய நேரம்" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். இதே ஒலி காணொளியிலும் பதிவாகியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எந்த ஒலியைக் கவனிக்க வேண்டும் என்று அந்தக் கணத்திலேயே சுட்டிக்காட்ட அங்கே யாரும் இல்லை.

இத்தகைய கழகங்கள் பலவற்றுக்கும் தாய் அமைப்பாக 1986இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மரக் கடைசலாளர் சங்கம் இருக்கிறது. அதன் தலைமையகம் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் உள்ளது; அதனுடன் இணைந்த உள்ளூர்க் கழகங்கள் முந்நூறுக்கும் மேல். அதன் முதல் தலைவர் டேவிட் எல்ஸ்வொர்த், மெல்லிய சுவர் கொண்ட உள்ளீடற்ற கலங்களுக்குப் பேர்பெற்றவர். கிண்ணம் கடையப் பயன்படும், நீளவாக்கில் குழிந்த குழி உளியின் இரு பக்கவாட்டு விளிம்புகளையும் பின்னோக்கி நீளமாக இழுத்துச் சாணை பிடிக்கும் முறையைக் கடைசல்காரர்கள் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். என் உளியை அந்த வடிவத்துக்கு மாற்ற வேண்டுமா என்று கேட்டபோது எங்கள் கழகத்தில் நான்கு பேர் நான்கு விதமாகப் பதில் சொன்னார்கள். இணையத்தில் அதே நான்கு பதில்களைப் படித்திருந்தால் குழம்பியிருப்பேன். இங்கே நால்வருடைய உளியையும் வாங்கி ஒரே கட்டையில் வெட்டிப் பார்த்தேன். என் கைக்கு எது ஒத்துவந்தது என்பது உடனே தெரிந்துவிட்டது.

கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி காட்சி மேசை. அந்த மாதம் கடைந்ததை அவரவர் கொண்டுவந்து வைப்பார்கள். விரும்பினால் விமர்சனம் கேட்கலாம். நான் சேர்ந்த ஐந்தாம் மாதம், பத்து அங்குல அகலமுள்ள செர்ரி மரக் கிண்ணம் ஒன்றை வைத்தேன். வெளிப்புறம் கண்ணாடிபோல் இருந்தது. சற்றுப் பெருமையாகவே வைத்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அதே பெரியவர் அதை எடுத்து, கட்டைவிரலை உள்ளேயும் மற்ற விரல்களை வெளியேயும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விளிம்பிலிருந்து அடிவரை மெதுவாகத் தடவினார். பிறகு, "இதை அறுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் தன் பையிலிருந்து தம்முடைய கிண்ணம் ஒன்றை எடுத்து, முதலில் அதை அறுப்பதாகவும், பிறகு நான் முடிவு செய்யலாம் என்றும் சொன்னார். கிண்ணத்தைக் கவிழ்த்து, வாய் மேசையில் சமமாகப் படியும்படி வைத்து, பட்டை வாளில், அதாவது வளையமாக ஓடும் ரம்பப் பட்டையில், நடுவே அறுத்தார். அதன் பிறகு நான் மறுப்பது எப்படி?

இரண்டு அரைக் கிண்ணங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவருடையதில் சுவரின் கனம் விளிம்பிலிருந்து அடிவரை ஒரே கோடாக இறங்கி வளைந்தது. என்னுடையதில் விளிம்பு கால் அங்குலம். சுவர் அடியை நோக்கித் திரும்பும் வளைவில் முக்கால் அங்குலம். அதைத் தாண்டி நடுவில் ஒரு சிறு மேடு. கிண்ணம் கையில் ஏன் கல்லாகக் கனத்தது என்பது இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. காரணத்தையும் அவர் அங்கேயே விளக்கினார்: கூர்மையான கோணத்தில் சாணை பிடித்த உளி சுவரில் நன்றாக இறங்கும், ஆனால் வளைவை அடையும்போது உளியின் தண்டு கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கத் தொடங்குவதால் கைப்பிடியைத் தேவையான அளவுக்குத் திருப்ப முடியாது, சரிவுப் பகுதி மரத்தில் படிந்து நிற்பதை விட்டுவிடும், உளி துள்ளும், நாம் பயந்து அந்த இடத்தை விட்டுவிடுவோம். அடிப்பகுதிக்கு முனைக் கோணம் மிகவும் மழுங்கலாகப் பிடித்த இன்னோர் உளி வேண்டும். நான் பயந்து விட்டுவிட்ட அந்த இடம் அறுத்த முகத்தில் அப்படியே தெரிந்தது. அதற்காக உளி ஒன்றைப் புதிதாக வாங்க வேண்டாம் என்றும், தேய்ந்து குட்டையான பழைய உளியையே அந்தக் கோணத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

மரம் கிடைக்கும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்கின் செலவில் பாதியை அதுதான் தீர்மானிக்கிறது. ஆசியாவிலிருந்து வந்த, மரகதப் பச்சை நிறம் கொண்ட துளைப்பான் வண்டு ஒன்று 2002இல் எங்கள் டெட்ராய்ட் பகுதியில்தான் அமெரிக்காவிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் புழுக்கள் ஆஷ் மரப் பட்டையின் அடியில் நெளிநெளியாகச் சுரங்கம் பறித்து, சத்தும் நீரும் செல்லும் பாதையை அறுத்துவிடும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் அப்படியே பட்டுப்போயின. தெருவோரத்தில் அவற்றை வெட்டும்போதெல்லாம் கழகத்தில் யாருக்காவது தகவல் வரும். லாரி வைத்திருப்பவர் ஒருவர், செயின் வாள் வைத்திருப்பவர் ஒருவர், முதுகுவலி இல்லாதவர்கள் சிலர் என்று கிளம்புவோம். சிலர் பட்டையை மட்டும் உரித்துவிட்டு, புழு நெளிந்த தடத்தைக் கிண்ணத்தின் விளிம்பில் அப்படியே விட்டுக் கடைவார்கள். எனக்கு அந்தப் பாணி அவ்வளவாகப் பிடிப்பதில்லை, ஆனால் கண்காட்சியில் முதலில் விற்றுப்போவது அதுதான்.

பச்சை மரத்தை என்ன செய்வது என்பதும் அந்த மரக் குவியலின் பக்கத்தில் நின்றே கற்றுக்கொண்டதுதான். மரம் உலரும்போது வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்பதால், வட்டமாகக் கடைந்த கிண்ணம் நீள்வட்டமாகிவிடும். ஆகவே முதலில் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டு, அதாவது பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஓர் அங்குலச் சுவர் விட்டு, தோராயமாகக் கடைந்து, குறுக்குவெட்டு முகங்களில் மெழுகு பூசி, காகிதப் பையில் போட்டு மாதக்கணக்கில் வைத்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து அடியில் பென்சிலால் எடையைக் குறித்துக்கொண்டே வந்தால், எடை குறைவது நின்ற பிறகு மீண்டும் லேத்தில் ஏற்றி இறுதி வடிவம் கொடுக்கலாம்.

கழகத்துக்கு என் பங்காக நான் கொண்டுபோனது அரக்கு. என் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்பாசமுத்திரத்தில் மரச்செப்புச் சாமான்கள் கடையும்போது, சுழலும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறிக்கொள்வதைச் சிறுவயதில் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டும்தான், செய்ததில்லை. அதைக் கழகத்தில் காட்டுகிறேன் என்று ஏதோ துணிச்சலில் ஒப்புக்கொண்டு, ஊரிலிருந்து வாங்கி வந்த குச்சியை முப்பது பேர் முன்னிலையில் அழுத்தியபோது, அது மரத்தில் கீறல் கீறலாக வழுக்கிக்கொண்டு ஓடியதே தவிர ஒட்டவில்லை. இரண்டு நிமிடம் வியர்த்தேன். பின்வரிசையிலிருந்து அந்தச் செவிலியர் அம்மையார் எழுந்து வந்து, வேகம் போதவில்லை, அதனால் சூடு போதவில்லை என்றார். கடைந்திருந்த பொருள் இரண்டு அங்குலம்கூட இல்லாத சிறு பம்பரம். நானோ, கிண்ணத்துக்கு வைக்கும் வேகத்தை மாற்ற மறந்திருக்கிறேன். வேகத்தை மும்மடங்காக்கியதும் சிவப்பு அரக்கு நெய்போலப் பரவியது. ஊரில் பளபளப்பு ஏற்றத் தாழை மடலை வைத்துத் தேய்ப்பார்கள் என்று சொன்னேன்; மிச்சிகனில் தாழைக்கு எங்கே போவது? யாரோ காய்ந்த மக்காச்சோளத் தோலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதுவும் ஓரளவு வேலை செய்தது. இதில் அவர்களுக்கு வியப்பு என்னவென்றால், தாங்கள் காலங்காலமாக ஆல்கஹாலில் கரைத்து மரத்துக்கு மெருகாகப் பூசிவரும் ஷெல்லாக்கும் இதே அரக்குப் பூச்சியின் சுரப்பிலிருந்து எடுக்கப்படுவதுதான்.

கழகத்தின் தொண்டுப் பணிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். கடும் நோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒவ்வொரு அறுவைக்கும் ஒரு பாசிமணி கொடுக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அந்த மணிகளைப் போட்டுவைக்க மூடியுள்ள மரப் பேழைகளைக் கழகங்கள் கடைந்து தருகின்றன. குழந்தை ஒரு கையால் திறக்கும்படி மூடி சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும் என்பார் எங்கள் பெரியவர். இன்னொன்று, பசித்தவர்களுக்கு நிதி திரட்டும் 'வெற்றுக் கிண்ணங்கள்' விருந்து. 1990இல் மிச்சிகனில் ஜான் ஹார்ட்டம் என்ற கலை ஆசிரியர் மாணவர்களின் மண் கிண்ணங்களை வைத்துத் தொடங்கியது அது. நாங்கள் மரக் கிண்ணம் கொடுக்கிறோம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள் என்பதால் மருத்துவப் பேச்சு அதிகம். புதிய கருவிகளைப் பற்றிய பேச்சு அதைவிட அதிகம், அது பர்ஸுக்கு ஆபத்து. பேனா கடைவதைப் பற்றி ஆண்டுக்கு மூன்று செயல்விளக்கம் எனக்குத் தேவையில்லை.

லேத் வாங்கிய பிறகு சேர வேண்டுமா என்றால், வேண்டாம், வாங்குவதற்கு முன்பே சேருங்கள். முதல் கூட்டத்துக்கு விருந்தினராகக் கட்டணமின்றி அனுமதிக்கும் கழகங்கள் பல உண்டு. எங்கள் கழகத்தில் சனிக்கிழமைகளில் திறந்திருக்கும் பட்டறையில் கழகத்தின் லேத்திலேயே ஒரு மூத்தவர் பக்கத்தில் நின்று சொல்லித்தருவார். அவர் முதலில் கற்றுத்தருவது கடைசலை அல்ல, கட்டையின் அகலத்தை அங்குலத்தில் எடுத்து, லேத் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகளால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வர வேண்டும் என்ற வேகக் கணக்கை. நான்கைந்து சனிக்கிழமைகளுக்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், வயதாகிக் கொட்டகையைக் காலி செய்யும் உறுப்பினர் யாராவது நல்ல லேத்தை உளிகளோடு சேர்த்து விற்பார். முதல் நாள் போகும்போது மூடிய காலணி அணிந்துகொள்ளுங்கள், கைநீளச் சட்டையைத் தவிருங்கள், முகம் முழுவதையும் மறைக்கும் பாதுகாப்புக் கவசத்தை அவர்களே தருவார்கள். ஏற்கெனவே எதையாவது கடைந்திருந்தால், அதில் மிக மோசமானதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.