காணியை ஈடு வைக்க வேண்டாம்

மகளின் மேற்படிப்பைப் பற்றிக் கேட்க வெள்ளவத்தையிலிருந்து வந்த அம்மாவுக்கு,

மகள் உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி, பல்கலைக்கழகம் போக இசட் புள்ளிதான் காணாது என்று கலங்கினீர்கள். ஆறுதல் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கனடா மாமா சொன்ன ‘ஏஐ டிகிரி’க்காகக் கொக்குவில் காணியை ஈடு வைக்கப் போகிறோம் என்றீர்களே, அதற்கு என் பதில்: வைக்காதீர்கள். பட்டத்தின் பெயரில் ஏஐ இருந்தால் வேலை தேடி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கடன் மட்டும் மாதாமாதம் வரும்.

மருத்துவம், கணக்கியல் பற்றிச் சொல்ல உறவுக்காரர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்: இணையதளங்களின் டிஜிட்டல் சான்றிதழ்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

வங்கியின் இணையதளம் அசல்தான் என்று பிரவுசருக்கு உறுதிப்படுத்துவது டிஜிட்டல் சான்றிதழ். முன்பு அதன் ஆயுள் அதிகபட்சம் 398 நாள். 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47 என்று படிப்படியாகக் குறைக்க முடிவாகிவிட்டது. நூற்றுக்கணக்கில் சான்றிதழ் வைத்திருக்கும் நிறுவனம் இவற்றைக் கையால் புதுப்பித்துச் சமாளிக்க முடியாது. ‘இந்த மாதம் எவை காலாவதி?’ என்று ஏஐ ஏஜென்டிடம், அதாவது சொன்ன வேலையைத் தானே செய்யும் மென்பொருளிடம், கேட்கும் வழக்கம் வருவது இதனால்தான்.

அந்த ஏஜென்டுக்கு எவ்வளவு திறந்துவிடுவது? பட்டியலையும் காலாவதித் தேதியையும் பார்க்கலாம். புதிதாக வழங்கவோ, ரத்துச் செய்யவோ, தனிச்சாவியை (சான்றிதழுக்குரிய ரகசியக் குறியீட்டை) தொடவோ கூடாது. ‘மாற்றாதே’ என்று அதனிடம் எழுதி வைப்பது பூட்டாகாது. ஏஜென்ட் பயன்படுத்தும் ஒரு டூலின் மேல் ‘வாசிக்க மட்டும்’ என்ற குறிப்பு இருந்தாலும் அது வெறும் அறிவிப்புத்தான். சேவையகமே மறுக்க வேண்டும். ஊழியரின் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், ஏஜென்டுக்கென்று தனி அடையாளம், வாசிப்பு உரிமை மட்டும் உள்ள, சீக்கிரம் காலாவதியாகும் டோக்கன் (டிஜிட்டல் அனுமதிச் சீட்டு), ஒவ்வொரு அழைப்புக்கும் பதிவு எல்லாம் வேண்டும். வாசிப்பிலும் ஆபத்து உண்டு: அந்தப் பட்டியலில் வெளியே தெரியக்கூடாத உள் சேவையகங்களின் பெயர்கள் இருக்கும். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று உட்கார்ந்து யோசிக்க ஒரு ஆள் தேவை.

உங்கள் மகள் அப்படிப்பட்ட ஆள். தன் டியூஷன் தளத்தில் எச்சரிக்கை வந்தபோது மற்றப் பிள்ளைகள் தாண்டிப் போனார்கள். இவள் சான்றிதழைத் திறந்து, முடிந்த தேதியைக் கொப்பியில் குறித்து, ஆசிரியருக்குச் சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தீர்களா? மாமாவின் டிகிரியைப் பற்றிக் கேட்டபோது நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை விரும்பாததைக் கடன் வாங்கிப் படிப்பிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கற்கைகள் நிறுவகத்தின் (UCSC) வெளிவாரி பிஐடி, அதாவது தகவல் தொழில்நுட்பப் பட்டம், இருக்கிறது. முதல் ஆண்டு முடித்தால் டிப்ளோமா, இரண்டாவதில் உயர் டிப்ளோமா, பிறகு பட்டம். வேலை செய்துகொண்டே படிக்கலாம், இடையில் நிறுத்தினாலும் கையில் ஒன்று இருக்கும். விண்ணப்பம் எப்போது என்று இந்தக் கிழமையே அவர்களின் தளத்தில் பாருங்கள். அதுவரை வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருள் கொண்டு தானே சான்றிதழ் உருவாக்கிப் பழகட்டும். இரண்டும் இலவசம்.

மாமாவுக்கு நான் வேண்டுமானால் பேசுகிறேன்.