'பாய்காட்' என்ற ஆங்கிலச் சொல் எப்படி வந்தது? எப்படிப் பயன்படுத்துவது?

அது ஓர் ஆளின் பெயர். கிரிக்கெட் ரசிகர்களுக்கு உடனே ஜெஃப்ரி பாய்காட் நினைவுக்கு வருவார், அவர் இல்லை. இவர் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்ட். குத்தகை வசூலிப்பதும், கட்டாதவர்களை வெளியேற்றுவதும் அவர் வேலை.

1879இல் விளைச்சல் பொய்த்தது. மறுவருடம் குத்தகைதாரர்கள் 25 சதவீதம் குறைக்கச் சொல்ல, பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. பாய்காட் வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க ஆள் அனுப்பினார். அந்தச் செப்டம்பரில்தான் அயர்லாந்து அரசியல் தலைவர் பார்னெல் என்னிஸ் நகரக் கூட்டத்தில், வெளியேற்றப்பட்டவன் நிலத்தை எடுப்பவனோடு யாரும் பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று பேசியிருந்தார். ஊரார் அதை ஏஜென்ட் மேலேயே பிரயோகித்துவிட்டார்கள். பண்ணையாட்கள் நின்றுவிட்டார்கள். கடையில் சாமான் கிடையாது. துணி துவைக்க ஆள் இல்லை. நம் ஊர்களில் ஊர்விலக்கு என்பது பெரும்பாலும் வலுத்தவன் எளியவன்மேல் போடுவது, அங்கே தலைகீழ்.

டர்னிப்பும் உருளைக்கிழங்கும் வயலிலேயே கிடக்க, அவற்றை எடுக்க வடக்கிலிருந்து 50 பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாகப் படையும் போலீஸும். 500 பவுண்டு பெறாத விளைச்சலுக்கு 10,000 பவுண்டு செலவானதாகச் சொல்வார்கள். டிசம்பரில் பாய்காட் அயர்லாந்தை விட்டே கிளம்பிவிட்டார்.

பெயரைச் சொல்லாக்கியவர் உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓமாலி என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதியிருக்கிறார். 'ஆஸ்ட்ரசைஸ்' (ஒதுக்கிவைப்பது) என்றால் விவசாயிகளுக்குப் புரியாது, 'பாய்காட்' என்றே சொல்லலாமே என்றாராம். அந்த வருடமே லண்டன் பத்திரிகைகளில் ஏறிவிட்டது.

சரி, பயன்பாடு. வினையாகவும் பெயராகவும் வரும். வினையாக வரும்போது பின்னால் 'ஃப்ரம்', 'அகெய்ன்ஸ்ட்' எதுவும் வேண்டாம். 'பாய்காட் த எலக்‌ஷன்', அவ்வளவுதான். பெயராக வந்தால் 'எ பாய்காட் ஆஃப் த எலக்‌ஷன்'. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இலங்கையின் அரசாங்க சபைத் (அன்றைய சட்டமன்றம்) தேர்தலைப் புறக்கணித்ததே, அதற்கு இது கச்சிதமாகப் பொருந்தும். பலர் சேர்ந்து, அறிவித்துவிட்டு ஒதுங்க வேண்டும். பிடிக்காத கடைக்கு நான் மட்டும் சத்தமில்லாமல் போகாமல் இருப்பதைச் சிலர் இப்படிச் சொல்கிறார்கள், வேடிக்கைக்குச் சரி.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று: இலங்கைச் செய்திகளில் வரும் 'பணிப்பகிஷ்கரிப்பு' ஆங்கிலத்தில் ஸ்ட்ரைக். அதிலுள்ள 'பகிஷ்கரிப்பு' (புறக்கணிப்பு) என்ற சொல்லைப் பார்த்து பாய்காட் என்று போட்டுவிடாதீர்கள்.