ஆறு ஃபுல், இருபத்தைந்து நாள்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைப் பல வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. வயது 48. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பதினான்கு வருடமாக தினமும் இரவில் குடிக்கிறேன். ஒன்பதரைக்கு வீடு வந்து, குளித்துவிட்டு, மொட்டை மாடியில் உட்கார்ந்து இரண்டு பெக் பிராந்தி. தண்ணீர் மட்டும்தான் கலப்பேன். கொஞ்சம் வேர்க்கடலை, இரண்டு சிகரெட். அப்புறம் சாப்பாடு, தூக்கம். பாருக்குப் போனதில்லை, பகலில் தொட்டதில்லை, குடித்துவிட்டு வண்டி ஓட்டியதில்லை, வீட்டில் ஒருநாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. சம்பளம் வந்ததும் ஆறு ஃபுல் வாங்கி பீரோவில் வைத்துவிடுவேன். இருபத்தைந்தாம் தேதி வாக்கில் தீரும், மிச்ச நாளைக் குவார்ட்டர் வாங்கி ஓட்டிவிடுவேன். அந்த அளவுக்குக் கட்டுப்பாடு.

போன மாதம் கம்பெனி செக்கப்பில் ஸ்கேன் எடுத்தபோது கிரேடு 1 ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் ஆரம்பக் கட்டக் கொழுப்பு என்று வந்தது. லிவர் ரத்தப் பரிசோதனை நார்மல். டாக்டர் “ரெண்டு பெக்குன்னா கொஞ்சம் குறைச்சுக்குங்க” என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து மனைவி பிடித்துக்கொண்டாள். யாரோ சொன்னார்கள் என்று சாப்பாட்டில் கலக்கிற மருந்து வரைக்கும் பேச்சு போயிருக்கிறது. என் பெரியப்பா 82 வயது வரை தினமும் குடித்தவர், லிவர் நோய் எதுவும் இல்லாமல்தான் போனார். பிரான்ஸில் தினமும் வைன் குடிப்பதால்தான் இதயம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அளவாகக் குடிப்பது நிஜமாகவே உடம்புக்குக் கெடுதலா? குடிக்காத அன்று எனக்குத் தூக்கமே வருவதில்லை.

பெயர் வேண்டாம் சார். பதிலை மனைவியும் படிப்பாள்.

*

அன்புள்ள நண்பருக்கு,

கெடுதல்தான். அதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் உங்கள் கடிதத்தில் ஃபேட்டி லிவரைவிட என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ஆறு ஃபுல் கணக்கு.

ஒரு ஃபுல் 750 மில்லி. ஆறுக்கு 4,500. இருபத்தைந்து நாளுக்கு வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 180 மில்லி வருகிறது. பெக் என்றால் 60 மில்லி, ஆகவே நீங்கள் குடிப்பது மூன்று பெக், கடை பாஷையில் தினம் ஒரு குவார்ட்டர். மாதக் கடைசியில் குவார்ட்டருக்கு மாறும்போது உங்களுக்குக் கூடவும் இல்லை குறையவும் இல்லை, கச்சிதமாக இருக்கிறது அல்லவா? அதுதான் காரணம். நீங்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவே இல்லை, வீட்டில் உட்கார்ந்து ஊற்றுகிறவர்கள் யாருமே அளந்து ஊற்றுவதில்லை. நானும் ஏழு வருடம் இந்த இரவுக் கச்சேரியில் இருந்தவன்தான். டம்ளரில் இரண்டு விரல் உயரம் என்பது என் பெக். ஒருநாள் பையனின் இருமல் மருந்து பாட்டிலோடு வந்த அளவு மூடியை எடுத்து விளையாட்டாக அளந்து பார்த்தால் 95 மில்லி. டம்ளருக்கு அடி அகலம், அதனால்தான் என்று கொஞ்ச நாள் டம்ளர் மேல் பழிபோட்டுக்கொண்டு திரிந்தேன்.

சரி, 180 மில்லியில் என்ன இருக்கிறது? லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதன்படி சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். வாரத்துக்கு 420 கிராமுக்கு மேல். லான்செட் மருத்துவ இதழில் 2018-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது, 19 பணக்கார நாடுகளில் குடிப்பழக்கம் உள்ள கிட்டத்தட்ட 6 லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. வாரத்துக்கு 100 கிராம் வாக்கில்தான் மரண ஆபத்தின் கோடு மேலே திரும்புகிறது. 350 கிராமுக்கு மேல் குடிப்பவர்களுக்கு, 100 கிராமுக்குள் நிறுத்திக்கொள்பவர்களோடு ஒப்பிட்டால், நாற்பது வயதில் இருந்து கணக்கிடும் ஆயுளில் 4 முதல் 5 வருடம் குறைவு. இது சராசரி, உங்கள் ஜாதகம் இல்லை. இங்கிலாந்து 2016-ல் வைத்த வரம்பு வாரத்துக்கு 14 யூனிட், ஒரு யூனிட் 8 கிராம். நீங்கள் 53-ஐத் தாண்டுகிறீர்கள், கிட்டத்தட்ட நாலு மடங்கு.

இதை எல்லாம் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நீங்கள் உங்களை அளந்துகொள்ளும் கோல் வேறு. கடை வாசலில் வேட்டி விலகிக் கிடப்பவனைப் பார்த்து, நான் அப்படி இல்லை, எனவே நான் அளவாகக் குடிப்பவன் என்று முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். பாருக்குப் போகாதது, வண்டி ஓட்டாதது, கத்தாதது எல்லாம் நல்ல விஷயங்கள், உங்கள் மனைவிக்கும் ரோட்டில் போகிறவர்களுக்கும் நல்லது. உங்கள் கல்லீரலுக்கு நீங்கள் கத்தினீர்களா இல்லையா என்று தெரியாது.

அப்புறம் அந்த ‘தினமும்’. டென்மார்க்கில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. வாரத்தில் இரண்டு முதல் நாலு நாள் குடிக்கிற ஆண்களைவிட, தினமும் குடிக்கிற ஆண்களுக்குக் குடியால் வரும் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகும் நோயின் ஆபத்து மூன்று மடங்குக்கு மேல். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏழிலிருந்து பத்து கிராம் ஆல்கஹாலைத்தான் கரைக்கும். உங்கள் 60 கிராமுக்கு ஆறு முதல் எட்டரை மணி நேரம். பத்து மணிக்கு ஆரம்பித்தால் நீங்கள் தூங்குகிற நேரம் முழுக்க அது விடிய விடிய ஓவர்டைம் பார்க்கிறது, ஷிப்மென்ட் நெருக்கத்தில் உங்கள் தையல் லைன் ஓடுகிற மாதிரி. வருடத்தில் ஒரு ஞாயிறுகூட லீவு கொடுக்கவில்லை நீங்கள்.

தூக்கம் பற்றிச் சொன்னீர்கள். இதில்தான் நானும் ரொம்ப நாள் ஏமாந்தேன். குடித்தால் சீக்கிரம் கண் சொருகும், உண்மைதான். ஆல்கஹால் மூளையை அமுக்கிவைக்கிறது. ஆனால் முன்னிரவில் கனவு காணும் தூக்கத்தைக் குறைத்துவிடும், ஆல்கஹால் இறங்க இறங்க அமுக்கிவைத்த மூளை துள்ளி எழும். இரண்டரை மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க, நாக்கு வறண்டு விழிப்பு வருகிறதா? கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் வருகிறது என்று பந்தயம் கட்டுவேன். குறட்டையும் கூடும், அதை உங்கள் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். குடிக்காத அன்று தூக்கம் வராததை, எனக்கு இது தேவை என்பதற்குச் சாட்சியாக வைக்கிறீர்கள். பதினான்கு வருடமாக தினமும் பழகின மூளை அன்றைக்கு அது வராததால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் விட்டபோது முதல் பத்துப் பன்னிரண்டு நாள் கொடுமையாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் ஆறு மணிக்கு அலாரம் அடித்து எழுந்தேன். நடுவில் எழவே இல்லை என்பது பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது.

பெரியப்பா. இந்தப் பெரியப்பா தமிழ்நாட்டில் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். நீண்டகாலம் அதிகம் குடிப்பவர்கள் எல்லோருக்கும் சிரோசிஸ் வருவதில்லை, பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான் வருகிறது. எனவே உங்கள் பெரியப்பா அதிசயம் ஒன்றும் இல்லை. யார் அந்த ஒருவர் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் பிரச்சினை, தொப்பையும் சர்க்கரையும் சேர்ந்தால் ஆபத்து கூடும் என்று மட்டும் சொல்லலாம். 82 வரை இருந்தவர் எல்லாக் கல்யாணத்திலும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததால் நமக்கு ஞாபகம் இருக்கிறார். 51-ல் போனவர்கள் கல்யாணத்துக்கு வருவதில்லை. நிதானமாக யோசித்தால் உங்கள் சொந்தத்திலேயே இரண்டு பேராவது நினைவுக்கு வருவார்கள், ‘திடீர்னு மஞ்சக்காமாலை’ என்று சொல்லி முடித்திருப்பார்கள்.

பிரான்ஸ் கதை 1991-ல் ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சியால் உலகம் முழுக்கப் பரவியது. கொஞ்சம் குடிப்பவன், குடிக்காதவனைவிட ஆரோக்கியமாக இருக்கிறான் என்று பல ஆய்வுகளும் காட்டின. ஆனால் குடிக்காதவர்கள் என்ற அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள்? ஏற்கெனவே நோய் வந்து, டாக்டர் மிரட்டி நிறுத்தியவர்களும் அதில்தான் இருந்தார்கள். ஷேப்பர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1988-லேயே இதைச் சுட்டிக்காட்டினார், டிவியில் அது வரவில்லை. அந்தப் பிரெஞ்சுக்காரர்களே 1960-களில் குடித்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். அங்கே இப்போதைய அரசு அறிவுரை என்ன தெரியுமா? நாளுக்கு அதிகபட்சம் இரண்டு கிளாஸ், அதுவும் தினமும் வேண்டாம். அவர்கள் கிளாஸில் 10 கிராம் ஆல்கஹால்.

புற்றுநோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவை உறுதியான புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில், புகையிலையோடு சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம். சிகரெட்டும் மதுவும் சேரும்போது வாயிலும் தொண்டையிலும் ஆபத்து கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். ‘இரண்டு சிகரெட்தான்’ என்று நீங்கள் எழுதியதால் இது. பிராந்தி என்பதால் சலுகை எதுவும் கிடையாது. பிராந்தி சூடு, உடம்புக்கு நல்லது, சளியை அறுக்கும் என்பதெல்லாம் நம் ஊர் நம்பிக்கை. தோலுக்குக் கீழே ரத்தக்குழாய் விரிவதால் சூடு மாதிரித் தெரிகிறது, உண்மையில் உடம்பு வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும்.

ரத்தப் பரிசோதனை நார்மல் என்பதைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கல்லீரல் கணிசமாகக் கெட்ட பிறகும் அந்த எண்கள் நார்மலாக வருவது உண்டு. கிரேடு 1 ஒருவகையில் நல்ல செய்தி, ஏனென்றால் இந்தக் கட்டத்தில் குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே கொழுப்பு இறங்கத் தொடங்கும். தழும்பு விழுந்து இறுகிவிட்டால் அந்த வசதி பெரும்பாலும் போய்விடும்.

இவ்வளவும் படித்துவிட்டு, நாளையிலிருந்து தொட மாட்டேன் என்று சாமி படத்தின் முன் சத்தியம் செய்துவிடாதீர்கள். இதை நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். என் நண்பர் ஒருவர் உங்களை மாதிரியே, சத்தமில்லாத ஆள், இரவில் மட்டும். குடலிறக்க ஆபரேஷனுக்குச் சேர்ந்தார். குடிப்பீர்களா என்று கேட்டதற்கு ‘எப்பவாவது’ என்று சொல்லிவிட்டார், பக்கத்தில் மாமனார் நின்றிருந்தார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி கை நடுங்கி, வியர்த்து, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று சொல்லி சலைன் ஊசியைப் பிடுங்கிப்போட்டார். வீட்டில் மந்திரிக்க ஆள் தேடினார்கள். அண்ணன் மட்டும் தனியாகப் போய் டியூட்டி டாக்டரிடம் உண்மையைச் சொன்ன பிறகுதான் சரியான மருந்து ஏறியது. ரொம்ப நாள் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இந்த மாதிரிப் பிதற்றல் வரலாம், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. எல்லோருக்கும் வருவதில்லை. சாயங்காலம் நெருங்கும்போது கை லேசாக நடுங்குகிறதா, வியர்க்கிறதா என்று நீங்களே கவனியுங்கள். எப்படி இருந்தாலும் ஒரு மனநல மருத்துவரையோ பொது மருத்துவரையோ பார்த்து, அவர் தரும் மாத்திரை, பி1 வைட்டமின் துணையோடு நிறுத்துங்கள். மனநல மருத்துவரா என்று கூச்சப்பட வேண்டாம், இது அவர்கள் தினமும் பார்க்கிற வேலை. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14446 மத்திய அரசின் இலவச உதவி எண்.

சகோதரி, உங்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பாட்டில் ரகசியமாகக் கலக்கிற மருந்து வேண்டவே வேண்டாம். அதில் குடியை உடம்புக்கு ஒவ்வாமல் செய்கிற டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்து, அது தெரியாமல் அவர் ஒரு குவார்ட்டரைக் குடித்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி, இதயம் தாறுமாறாகத் துடிக்கும். அது டாக்டர் கொடுத்து, குடிப்பவர் தெரிந்து சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து.

நண்பரே, டாக்டரிடம் இந்த முறை ‘ரெண்டு பெக்’ என்று சொல்லாதீர்கள். தினம் ஒரு குவார்ட்டர், பதினான்கு வருடம் என்று சொல்லுங்கள். ‘கொஞ்சம் குறைச்சுக்குங்க’ என்று அவர் சொன்னது நீங்கள் சொன்ன கணக்குக்கு. பீரோவில் மிச்சம் இருப்பதை என்ன செய்வது என்று கேட்பீர்கள். இந்த வாரத்துக்குள் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள், அதுவரை அளந்து குடியுங்கள், கூட்ட வேண்டாம். சகோதரி, நீங்களும் கோபத்தில் எடுத்துக் கொட்டிவிடாதீர்கள், டாக்டரைப் பார்க்கும் வரைக்கும்.