வயலுக்கு வாங்கிய மருந்தைக் கத்தரிக்கு அடிக்கலாமா?

மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி வாசகி ஒருவர் கேட்கிறார்: "வளவில் எட்டுக் கத்தரி நிற்கிறது. குருத்துகள் வாடித் தொங்குகின்றன. பிடுங்கும் காயில் பாதி ஓட்டை. பக்கத்தில் நிற்கும் கொச்சியும் (மிளகாய்) இலை சுருண்டுபோய் நிற்கிறது. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து அரைப் போத்தல் மிச்சம் இருக்கிறது. அடிக்கலாமா?"

வேண்டாம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்கிறவர்கள் வீட்டில் இப்படி ஒரு அரைப் போத்தல் எப்போதும் கிடக்கும், தெரிந்ததுதான். ஆனால் அதன் லேபலில் உள்ள அளவும், அடித்த பின் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்ற கணக்கும் நெல்லுக்கு உரியவை. கத்தரியை நீங்கள் நாளைக்கே பிடுங்கிக் கறி வைப்பீர்கள். அதைவிட, அடித்தாலும் உங்கள் புழு சாகப்போவதில்லை.

வாடிய குருத்து ஒன்றை ஒடித்து நெடுக்காகப் பிளந்து பாருங்கள். தண்டின் நடுவில் ஈரமான எச்சம், அதற்குள் இளஞ்சிவப்பாக ஒரு புழு. இதுதான் தண்டு, காய் துளைப்பான். தாய் அந்துப்பூச்சி இராவில் வந்து இலையிலும் மொட்டிலும் முட்டையிடும். பொரித்த குஞ்சு சில மணி நேரத்திலேயே உள்ளே புகுந்துவிடும். பிறகு வெளியே எதை அடித்தாலும் அதற்குப் படாது. காயில் நீங்கள் காணும் பெரிய ஓட்டை பெரும்பாலும் அது வெளியேறிய வழி. உள்ளே போன ஓட்டை அப்போதே ஆறி மூடியிருக்கும். ஓட்டையைக் கண்டு மருந்து தேடுவது, கள்ளன் போன பிறகு கதவு பூட்டுவதுதான்.

எட்டுக் கன்றுக்குக் கத்தியே போதும். வாட்டம் முடியும் இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டுங்கள். ஓட்டைக் காய்களையும் பிடுங்கி, எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி நல்ல வெயிலில் ஒரு கிழமை போடுங்கள். பசளைக் குழியில் போடாதீர்கள், அங்கேயே கூட்டுப்புழுவாகிப் பறந்து வரும். கன்றடியில் உதிர்ந்த சருகுக்குள்ளும் கூட்டுப்புழு இருக்கும், கூட்டி எரித்துவிடுங்கள். கிழமைக்கு இரண்டு தரம், ஒன்றரை மாதம் விடாமல் செய்ய வேண்டும். இடையில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

துப்புரவாக்கிய பிறகு, பழைய நுளம்பு வலை இருந்தால் நாலு கம்பு நட்டுக் கன்றுகளை நிலம்வரை மூடுங்கள். காய்க்காதே என்று பயப்பட வேண்டாம், கத்தரி தன் மகரந்தத்திலேயே காய்க்கும். காலமையில் பூக்களை விரலால் மெல்லத் தட்டிவிட்டால் இன்னும் நல்லது.

கொச்சியின் கதை வேறு. ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதன்மேல் குருத்தைத் தட்டுங்கள். மெல்லிய நீளமான பூச்சி ஓடினால் பனிப்பூச்சி. அது பிடித்த இலை ஓரம் மேல்நோக்கி வள்ளம் போல் வளையும். கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணியாக இருக்கலாம். அது பூச்சி இனமே இல்லை. பூச்சிமருந்து அடித்தால் அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் சாகும். கச்சான் காற்று அடிக்கும் காய்ந்த மாதங்களில் இரண்டும் பெருகும், ஆகவே தண்ணீரை இலையின் அடியிலும் படும்படி விசிறி ஊற்றுங்கள்.

அதோடு வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, துணியில் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து அடியுங்கள். பின்னேரத்தில்தான் அடிக்க வேண்டும், வெயில் பட்டால் வேம்பின் சத்து கெட்டுவிடும். முதலில் ஒரு கிளையில் அடித்து, கருகாவிட்டால் மற்றதுக்கு. இலை சிறுத்து மஞ்சளோடி கன்றே குட்டையாகிவிட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அதற்கு வைத்தியம் இல்லை, பிடுங்கிவிடுங்கள்.

அந்த அரைப் போத்தலை சோடாப் போத்தலுக்கு மாற்ற வேண்டாம், வளவில் ஊற்றவும் வேண்டாம். வாவிக்குக் கிழக்கே, உங்கள் எழுவான்கரை மணலில் ஊற்றியது கிணற்றுக்குத்தான் போகும். லேபலோடு பூட்டி வையுங்கள், காலாவதித் திகதி தாண்டாவிட்டால் அடுத்த போகத்தில் வயலுக்கே உதவும்.