ஆறு பேரைச் சேர்ப்பது எளிது, நான்கு பேரைத் தேர்வதுதான் ஆட்டம்: போகிமான் இரட்டையர் போட்டி, கேள்வி பதில்

வரவிருக்கும் இணையப் போட்டிக்கு அணி அமைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஆட்டம் போகிமான் ஸ்கார்லெட், வயலெட் என்ற வீடியோ கேம். புதிதாக வருபவர்களுக்காக விதிகளைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இது இரட்டையர் ஆட்டம். ஆறு போகிமான்களைப் பதிவு செய்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நான்கை இறக்க வேண்டும். எல்லாமே நிலை 50-க்குக் கொண்டுவரப்படும். ஒரே போகிமானோ ஒரே கைப்பொருளோ அணியில் இரண்டு முறை வரக்கூடாது. மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவர் முன்னேறுவார். மிராய்டான், கொராய்டான் போன்ற பெருந்தலைகளுக்கு அனுமதி இல்லை. அணிப் பட்டியல் திறந்திருக்கும்: மூவ் (ஒரு சுற்றில் போகிமான் செய்யும் செயல்), திறன், கைப்பொருள், டெரா வகை (ஆட்டத்தின் நடுவே போகிமான் மாறிக்கொள்ளும் வகை) எல்லாம் எதிராளிக்குத் தெரியும், ஈவி (பயிற்சியில் சேர்க்கும் புள்ளிகள்), சுபாவம் (ஓர் அளவை ஏற்றி இன்னொன்றை இறக்கும் குணம்) இரண்டும் தெரியாது.

கேள்வி: அக்கா, என் அணி இது: ஃபிளட்டர் மேன், சியன்-பாவ், உர்ஷிஃபு, டிராகனைட், கார்சோம்ப், சாரிசார்ட். ஆறும் பலசாலிகள். ஆனாலும் பாதிக்கு மேல் தோற்கிறேன். எங்கே தவறு?

தம்பி, பதினொரு பேரும் மட்டையாளர்களாக இருக்கும் கிரிக்கெட் அணியைப் போட்டிக்கு அழைத்துப் போகிறீர்கள். ஆறு பேருக்கும் அடிக்கத் தெரியும். அடி வாங்கிக்கொண்டு நிற்பவர் யார்? எதிராளியின் ஒரு சுற்றைக் கெடுப்பவர் யார்? வேகத்தை உங்கள் பக்கம் திருப்புபவர் யார்? மூன்றுக்கும் ஆள் இல்லை.

அடுத்தது பலவீனங்கள். டிராகனைட்டும் கார்சோம்ப்பும் பனி வகைத் தாக்குதலுக்கு நான்கு மடங்கு வாங்குபவர்கள். எதிரில் ஒரு சியன்-பாவ் வந்தாலே இருவருக்கும் வேலை முடிந்தது. சாரிசார்ட் பாறை வகைக்கு நான்கு மடங்கு, டிராகனைட் அதே பாறைக்கு இரண்டு மடங்கு. ராக் ஸ்லைடு இருவரையும் ஒரே நேரத்தில் அடிக்கும் மூவ். இப்படிப்பட்ட பரவல் தாக்குதல்கள் இரட்டையரில் முக்கால் பங்கு வலிமையோடுதான் விழும், ஆனால் சாரிசார்ட்டுக்கு அதுவே தாராளம்.

உங்கள் அணியில் நல்ல விஷயம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. சியன்-பாவின் திறன், களத்தில் உள்ள மற்ற எல்லோருடைய உடல் தற்காப்பையும் கால் பங்கு குறைக்கும். பக்கத்தில், தாக்குதலை ஏற்றும் சாய்ஸ் பேண்ட் மாட்டிய டிராகனைட்டை நிறுத்தி, டெரா நார்மலாக்கி, எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் அடித்துப் பாருங்கள். முந்திக்கொண்டு பாயும் தாக்குதல் என்பதால் எதிராளியின் வேகம் அங்கே உதவாது. ஆனால் சியன்-பாவ் உங்கள் டிராகனைட்டின் தற்காப்பையும் குறைக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே இந்த இணையை வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளட்டர் மேனும் உர்ஷிஃபுவும் இருக்கட்டும். கார்சோம்ப்பையும் சாரிசார்ட்டையும் இறக்கிவிட்டு இன்சினரோரையும் டோர்னடஸையும் ஏற்றுங்கள். இப்போது இரண்டு திட்டங்கள் கிடைக்கின்றன. முதல் திட்டம், டிராகனைட், சியன்-பாவ் முன்னால். இன்சினரோரும் ஃபிளட்டர் மேனும் பின்னால். இரண்டாவது, டோர்னடஸ், உர்ஷிஃபு முன்னால். நம் பக்கத்தின் வேகத்தை ஏற்றும் டெய்ல்விண்ட் எழுப்பி அடிப்பது. எதிராளியிடம் ஃபாரிகிராஃபோ இண்டீடியோ இருந்தால் எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் பெரும்பாலும் செல்லாது; அவை முந்தும் தாக்குதல்களைத் தடுப்பவை. அன்றைக்கு இரண்டாவது திட்டம். எந்த அணியைப் பார்த்தால் எந்த நான்கு பேர் என்று எழுதி வைக்க முடியாவிட்டால், உங்களிடம் இருப்பது அணி இல்லை, ஆறு போகிமான்கள்.

கேள்வி: இன்சினரோரைச் சேர்த்தால் என் அணியும் எல்லோருடைய அணியைப் போல ஆகிவிடாதா?

ஆகும். களத்துக்கு வந்தவுடன் எதிரிகள் இருவரின் உடல்தாக்குதலையும் ஒரு படி இறக்குகிறது, ஃபேக் அவுட்டால் ஒருவரை ஒரு சுற்று முடக்குகிறது, பார்ட்டிங் ஷாட்டால் ஒருவரின் வலிமையைக் குறைத்துவிட்டுத் தானும் நழுவிக்கொள்கிறது. எல்லோரும் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று இனி கேட்க மாட்டீர்கள். புதுமையைக் காட்ட மீதி ஐந்து இடங்கள் இருக்கின்றன.

கேள்வி: வேகத்தைக் கணக்குப் போடச் சொல்கிறீர்கள். டெய்ல்விண்ட் இருந்தால் நான்தானே முதலில் அடிப்பேன்?

இந்த நினைப்பில்தான் நிறைய ஆட்டங்கள் போகின்றன. கணக்கையே பார்த்துவிடுவோம்.

வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிய ஃபிளட்டர் மேனின் வேகம் 205. ரில்லபூமுக்கு வேகத்தில் ஒரு ஈவிகூடக் கொடுக்காவிட்டாலும் 105 இருக்கும். டெய்ல்விண்ட் வேகத்தை இரட்டிப்பாக்கும் என்பதால் 210. ஐந்து புள்ளி வித்தியாசத்தில் ரில்லபூம் முந்துகிறது. அருமை. ஆனால் அதே ஃபிளட்டர் மேன் பூஸ்டர் எனர்ஜி என்ற கைப்பொருளை வைத்திருந்து, அது வேகத்தில் ஏறியிருந்தால் ஒன்றரை மடங்கு: 307. இப்போது ரில்லபூம் எங்கோ பின்னால்.

உர்ஷிஃபுவைப் பாருங்கள். வேகத்துக்கு 252 ஈவி, சுபாவம் மட்டும் தாக்குதலை ஏற்றும் அடமன்ட் என்றால் வேகம் 149, டெய்ல்விண்டில் 298. ஃபிளட்டர் மேனின் 307-க்கு ஒன்பது குறைவு. சுபாவத்தை, வேகத்தை ஏற்றும் ஜாலியாக மாற்றினால் 163, டெய்ல்விண்டில் 326. முந்திவிட்டது. இந்த ஒரு மாற்றத்துக்காகத் தாக்குதலில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறோம். விட்டுக்கொடுக்கலாமா என்பது உங்கள் அணியில் ஃபிளட்டர் மேனைச் சமாளிக்க வேறு யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இன்னொருவர் இருந்தால் அடமன்ட் போதும். இல்லாவிட்டால் ஜாலி.

திறந்த பட்டியலில் பூஸ்டர் எனர்ஜி கண்ணுக்குத் தெரியும் என்பது நமக்குச் சாதகம். ஈவி தெரியாது. அதனால் முதல் ஆட்டத்தில் யார் யாரை முந்தினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஆட்டத்தில் அந்தக் குறிப்புதான் உதவும். டெய்ல்விண்ட் எழுப்பிய சுற்றையும் சேர்த்து நான்கு சுற்றுகள்தான் நிற்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: ஈவி எல்லாவற்றையும் 252, 252, 4 என்று போட்டால் போதாதா?

தொடங்குவதற்குப் போதும். முதல் வாரத்தில் அதற்கு மேல் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். நிலை 50-இல் முதல் 4 ஈவிக்கு ஒரு புள்ளி, அதன் பிறகு ஒவ்வொரு 8-க்கும் ஒரு புள்ளி என்று கிடைக்கும். ஆக 252 என்பது 32 புள்ளிகள். இந்த 32-ஐயும் ஒரே இடத்தில் கொட்ட வேண்டுமா என்று பிறகு யோசிக்கலாம். இன்சினரோர் போல மெதுவான, அடி தாங்கும் போகிமானுக்கு வேகத்தில் 252 போடுவது மட்டும் பெரும்பாலும் வீண். அதை உயிர்ப்புள்ளிக்கும் தற்காப்புக்கும் மாற்றுங்கள்.

அடியின் வலிமையைக் கணக்கிடும் கணிப்பானைப் பயன்படுத்தும்போது ஒன்று. ஒவ்வோர் அடிக்கும் 85 முதல் 100 சதவீதம் வரை பதினாறு படிகளில் ஏதோ ஒன்று விழும். கணிப்பான் 93.8 சதவீதம் என்று காட்டினால், பதினாறில் பதினைந்து முறை வீழ்த்தும் என்று பொருள்.

கேள்வி: எனக்குப் பிடித்த போகிமான் பலவீனமானது. அதை வைத்து வெல்ல முடியாதா?

2014-இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியை தென்கொரியாவின் சேஜுன் பார்க் வென்றார். அவர் அணியில் இருந்தது பாச்சிரிசு என்ற சின்ன அணில். அதைப் பார்த்துவிட்டு, அன்பு வென்றது என்று பலர் உருகிவிட்டார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவருடைய முக்கிய ஆயுதம் கியாரடோஸ். அதற்கு மின்சாரத் தாக்குதல் ஆகாது. பாச்சிரிசு ஃபாலோ மீ மூலம் தாக்குதல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதன் திறனோ மின்சாரத்தை வாங்கி உடலைத் தேற்றிக்கொள்வது. இந்த இரண்டும் ஒரே உடலில் தேவைப்பட்டது, பாச்சிரிசுவிடம் இருந்தது. பலமான ஒன்று அதே வேலையைச் செய்திருந்தால் அதைத்தான் அவர் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

உங்கள் செல்லத்துக்கும் அதே சோதனையை வையுங்கள். அதனால் மட்டுமே முடிகிற வேலை என்ன? ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் சேருங்கள். முடியாவிட்டால் கதைப் பயணத்தில் அதோடு மகிழ்ச்சியாக நடந்து போங்கள்.

கேள்வி: மெதுவானவர்களை முந்தவிடும் டிரிக் ரூம் போடும் அணியைக் கண்டாலே கை நடுங்குகிறது. ஃபேக் அவுட்டால் தடுக்கப் பார்த்தால் ஃபாரிகிராஃப் விடுவதில்லை.

விடாது. அதன் திறன் தனக்கும் கூட்டாளிக்கும் எதிராக வரும் முந்தும் மூவ்கள் எல்லாவற்றையும் அடைத்துவிடும். ஃபேக் அவுட் மட்டுமல்ல, டோர்னடஸ் பிராங்ஸ்டர் திறனால் முந்திப் போடும் டான்ட்டும் (எதிராளியைத் தாக்குதல் மூவ்கள் மட்டுமே போடவிடுவது) அங்கே செல்லாது.

எனவே இரண்டு வழிகள். ஒன்று, டிரிக் ரூம் எப்போதும் அந்தச் சுற்றின் கடைசியில்தான் நடக்கும். அதற்குள் இருவரும் சேர்ந்து ஃபாரிகிராஃபை வீழ்த்தப் பாருங்கள். அது சும்மா நிற்காது, பக்கத்தில் அமூங்கஸ் ரேஜ் பவுடர் போட்டு அடிகளைத் தன் பக்கம் இழுக்கும். ஆனால் ரேஜ் பவுடர் புல் வகைக்குச் செல்லாது. புல் வகையான ரில்லபூம் உங்களிடம் இருந்தால் அதைச் சட்டை செய்யாமல் குறி வைத்த ஆளையே அடிக்கும்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது: நேரத்தைக் கடத்துவது. டிரிக் ரூம் ஐந்து சுற்றுகள், அதில் போட்ட சுற்றும் ஒன்று. அவர்களுக்கு உண்மையில் கிடைப்பது நான்கு. ஒரு சுற்று அடியைத் தடுக்கும் ப்ரொடெக்ட், ஒரு சுற்று ஆள் மாற்றம், இன்சினரோரை உள்ளே கொண்டுவந்து இறக்கியபோது ஃபாரிகிராஃப் களத்தில் இல்லாவிட்டால் ஒரு ஃபேக் அவுட். மூன்று போய்விட்டன. கடைசி ஒரு சுற்றில் அவர்களால் எத்தனை பேரை வீழ்த்திவிட முடியும்? இதற்காகத்தான் எல்லா இடத்திலும் நான்கு தாக்குதல்களை அடைக்காமல் ப்ரொடெக்ட் வையுங்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன்.

அமூங்கஸின் தூங்கவைக்கும் ஸ்போருக்குத் தனியாக ஒரு வழி வேண்டும். புல் வகை, சேஃப்டி காகிள்ஸ் என்ற கைப்பொருள், கோல்டெங்கோ என்ற போகிமான், மூன்றில் ஏதோ ஒன்று அணியில் இருக்கட்டும்.

கேள்வி: டெரா வகையை எப்படித் தேர்வு செய்வது? நான் எல்லோருக்கும் சொந்த வகையையே வைத்திருக்கிறேன்.

சொந்த வகை வைத்தால் அந்த வகைத் தாக்குதல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்காகும். ஒரே அடியில் முடிக்கும் ஆளுக்கு அது சரி. ஆனால் ஓர் ஆட்டத்தில் ஒரே ஒருவர்தான் டெரா ஆக முடியும். ஆறு பேருக்கும் தாக்குதல் டெரா வைத்தால் ஐந்து வீண். யார் உயிரோடு இருந்தால் நீங்கள் வெல்வீர்கள் என்று பாருங்கள். அவருக்குத் தற்காப்பு டெரா கொடுங்கள். அயர்ன் ஹாண்ட்ஸ் புல் வகை டெரா எடுத்தால், இரட்டிப்பாக விழும் நிலத் தாக்குதல் பாதியாகிவிடுகிறது, ஸ்போரும் ஒட்டாது. ஒரே மாற்றத்தில் இரண்டு தொல்லைகள் தீர்கின்றன.

கேள்வி: மழை அணி எளிது என்கிறார்கள். மழை கொண்டுவர பெலிப்பர், அடிக்க ஆர்கலூடான் வைத்து ஆடலாமா?

ஆடலாம். மழையில் ஆர்கலூடானின் எலக்ட்ரோ ஷாட் காத்திருக்காமல் உடனே பாயும், அடிக்கும் முன்பே அதன் சிறப்புத் தாக்குதலும் ஒரு படி ஏறிவிடும். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த திட்டம் என்பதால் எதிராளி வெயிலைக் கொண்டுவரும் டார்கோலோடு வருவார். இருவரும் ஒரே நேரத்தில் களமிறங்கினால் மெதுவானவரின் வானிலைதான் கடைசியில் நிற்கும். பெலிப்பரைவிட டார்கோல் மெதுவானது. அதனால் பெலிப்பரைப் பின்னால் வைத்து, வெயில் வந்த பிறகு உள்ளே கொண்டுவரப் பழகுங்கள்.

கேள்வி: என் தோல்விகளில் பாதி அதிர்ஷ்டம் இல்லாததால்தான். முக்கியமான நேரத்தில் குறி தவறுகிறது.

எந்த மூவ் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. டோர்னடஸின் ப்ளீக்விண்ட் ஸ்டார்ம் என்றால் அதன் துல்லியம் 80. இரண்டு எதிரிகளுக்கும் தனித்தனியாகக் குறி பார்க்கும், ஆகவே இருவர் மீதும் படும் வாய்ப்பு 64 சதவீதம். மூன்றில் ஒரு முறை ஏதோ தவறும் மூவை நம்பித் திட்டம் போட்டுவிட்டு அதிர்ஷ்டத்தைத் திட்டக்கூடாது. மழையில் அதே மூவ் தவறாது. டோர்னடஸும் பெலிப்பரும் ஏன் சேர்ந்து வருகிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும்.

கேள்வி: பெரிய போட்டியில் வென்றவர்களின் அணியை அப்படியே எடுத்து ஆடுவது தவறா?

தவறே இல்லை. புதியவர்கள் அதைத்தான் செய்ய வேண்டும். பலர் தங்கள் அணியை, பிறர் இரவல் வாங்கி ஆடும் வாடகைக் குறியீடாகவே பகிர்கிறார்கள், தரவரிசை ஆட்டத்தில் உடனே ஆடிப் பார்க்கலாம். உலாவியில் இயங்கும் போகிமான் ஷோடவுனில் ஆறு பேரையும் தட்டச்சு செய்தும் பழகலாம். போட்டியில் வாடகை அணிக்கு அனுமதி உண்டா என்பதை மட்டும் நடத்துபவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். இருபது ஆட்டம் ஆடும் முன் எதையும் மாற்றாதீர்கள். மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை.

கேள்வி: வளர்க்க நேரம் இல்லை. மென்பொருளில் உருவாக்கிய போகிமானைக் கொண்டுவரலாமா?

வேண்டாம். 2023 யோகஹாமா உலகப் போட்டியில் இதற்காகவே சிலர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. அவனும் சேர வேண்டும் என்கிறான். பெரியவர்களோடு ஆடித் தோற்றால் மனம் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, மேடம்.

சேர்த்துவிடுங்கள் அம்மா. அதிகாரப்பூர்வப் போட்டிகளில் சிறுவர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. இணையப் போட்டிகளில் கலந்துதான் ஆடுவார்கள், பெரியவர்களை அவன் வீழ்த்தினாலும் வியப்பில்லை. அணியை அவனே தேர்வு செய்யட்டும். உண்மையான பெயரையும் பள்ளியையும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: யோசித்துக்கொண்டே இருக்கும்போது நேரம் முடிந்துவிடுகிறது. என்ன செய்வது?

தேர்வுத் திரையில் 90 விநாடி, ஒவ்வொரு சுற்றுக்கும் 45 விநாடி, உங்கள் கணக்கில் மொத்தம் 7 நிமிடம். சுற்றுக்கு 45 விநாடி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் முழுதாகச் செலவிட்டால் பத்தாவது சுற்றுக்குள் கணக்கு தீர்ந்துவிடும். முதல் இரண்டு சுற்றுகளை 90 விநாடித் திரையிலேயே முடிவு செய்துவிடுங்கள். மேலே சொன்ன திட்டங்களைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ள இந்தப் போட்டியில் தடை இல்லை.