அஜினோவை விடுங்கள், சோறு எப்போது வடித்தது என்று கேளுங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள சிறிய சைனீஸ் கடையில் ஃபிரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும் பார்சல் வாங்குவோம். போன வாரம் சாப்பிட்டு மூன்று மணி நேரத்தில் எனக்கும் தோழிக்கும் வாந்தி. கடைக்காரர், “அஜினோ கொஞ்சம் கூடிப்போச்சும்மா, இனி இல்லாம போடச் சொல்றேன்” என்கிறார். அஜினோ இல்லாமல் வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. சிறு கடைக்காரர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி எடுப்பவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் முதல் கேள்வி அஜினோவைப் பற்றித்தான் வருகிறது. 1908இல் ஜப்பானில் இக்கேடா என்ற வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சுவையூட்டும் உப்பு அது. தக்காளியிலும் இயற்கையாகவே அந்தச் சுவைப்பொருள் இருக்கிறது. அதிகம் போட்டால் சிலருக்குத் தலை கனக்கலாம். ஆனால் ஒரே பார்சலைப் பகிர்ந்த இரண்டு பேருக்கு மூன்று மணி நேரத்தில் வாந்தி என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது சோற்றைத்தான்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். சோறு கொதித்தாலும் அவை சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடும். அப்புறம் கடாயில் தீ பறக்கப் புரட்டினாலும் கிருமிதான் சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தாலும் அழியாத நஞ்சு அது. ‘சூடாகத்தானே கொடுத்தார்கள்’ என்று நினைப்பதில் பயனில்லை. சாப்பிட்ட ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். இந்த நோயை 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அடையாளம் கண்டதே சைனீஸ் கடைகளின் ஃபிரைடு ரைஸ் மூலமாகத்தான். ஃப்ரிட்ஜில் வைத்தால் சோறு கட்டியாகிவிடும் என்று வெளியிலேயே வைத்திருந்தார்கள்.

நம் ஊரிலும் அதே கதைதான். இந்தக் கடைகளுக்கு வியாபாரம் சூடுபிடிப்பது மாலை ஐந்து மணிக்கு மேல். மதியம் பன்னிரண்டரைக்கு நீங்கள் கேட்டதும் ஐந்து நிமிடத்தில் பொட்டலம் வருகிறது என்றால், அந்தச் சோறு காலையில் வடித்ததா, நேற்று இரவு மிஞ்சியதா? நான் பார்த்த ஒரு கடையில் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி பெரிய அலுமினிய அன்னக்கூடை இருந்தது. மேலே ஈரத்துணி. கையை விட்டுப் பார்த்தேன், மேல்சோறு ஆறிவிட்டது, நடுவில் இன்னும் இளஞ்சூடு. கிருமிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. வேகவைத்து எண்ணெய் பிசறி வைத்த நூடுல்ஸுக்கும் இது பொருந்தும்.

இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்பார்கள்: “அப்போ நம்ம பழைய சோறு?” அது வேறு, தயவுசெய்து இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். இரவு முழுக்கப் புளிக்கிறது. புளிப்பு ஏற ஏற இந்தக் கிருமியின் பெருக்கம் தடைபடுகிறது. அன்னக்கூடைச் சோற்றில் தண்ணீரும் இல்லை, புளிப்பும் இல்லை. அப்படியானால் ஃபிரைடு ரைஸுக்கு ஆறின சோறே கூடாதா? கூடும். உதிரி உதிரியாக வர ஆறின சோறுதான் வேண்டும். வடித்ததும் அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் எடுத்துப் புரட்டுபவர் சரியாகத்தான் செய்கிறார். நேற்றைய சோறு என்பதற்காக அவரைக் குறை சொல்லாதீர்கள். வெளியில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதுதான் கணக்கு.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “அண்ணா, சாதம் எப்போ வடிச்சது, எங்க வெச்சிருக்கீங்க?” பதில் மழுப்பலாக வந்தால் அன்றைக்கு வேறு ஏதாவது சாப்பிடுங்கள். பார்சலை வாங்கியதும் சாப்பிட்டுவிடுங்கள். பாதியை மேசையில் வைத்து நாலு மணிக்குச் சாப்பிடுவதும் கடைக்காரர் செய்யும் அதே தவறுதான். கோபி கண்ணைப் பறிக்கும் சிவப்பாக இருந்தால் தொடவே வேண்டாம். பக்கத்துக் கர்நாடகத்தில் 2024 மார்ச்சில் அதற்குச் செயற்கை நிறம் சேர்க்கத் தடையே போட்டார்கள்.

சுவரில் மாட்டியிருக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் (FSSAI) சான்றிதழை நம்பிவிடாதீர்கள். அதைச் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. சிறு கடைக்கான பதிவுக் கட்டணம் பல ஆண்டுகளாக வருடத்துக்கு 100 ரூபாய்தான். கைப்பேசியிலேயே விண்ணப்பிக்கலாம். இதற்கு மூவாயிரம், ஐயாயிரம் வாங்கிக்கொண்டு, “இனி எந்த ஆபீசரும் வர மாட்டாங்க” என்று உறுதி தரும் ஏஜெண்டுகள் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். ஒரு கடையில் அந்தக் காகிதம் முருகன் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு, பூ வைத்து மாட்டியிருந்தது. காலாவதியாகி இரண்டு வருடம். பாவம், கடைக்காரருக்கே தெரியவில்லை. பதினான்கு இலக்க எண் இருந்தால் கடை பதிவாகியிருக்கிறது என்று பொருள், சோறு நல்லது என்று பொருள் இல்லை. அந்த எண்ணை பில்லில் அச்சிடுவது 2022 ஜனவரி முதல் கட்டாயம். எத்தனை கடையில் பில்லே தருகிறார்கள்?

மறுபடியும் இப்படி நேர்ந்தால் மீதிப் பார்சலைக் குப்பையில் போடாதீர்கள். மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், படம் எடுங்கள், உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322க்கு அனுப்புங்கள். மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அறிக்கை தரச் சட்டம் கொடுத்திருக்கும் அவகாசம் 14 நாள். அதற்குள் அந்த அன்னக்கூடை எத்தனை முறை நிரம்பிக் காலியாகியிருக்கும்! ஒரே அலுவலருக்கு இத்தனை கடை என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, புகார் வந்தபின் ஓடச் சொல்கிற இந்த முறை எனக்குச் சலித்துவிட்டது. ஆனாலும் புகார் கொடுங்கள், பதிவில் இருக்கட்டும். நடுவில் யாராவது வந்து நஷ்டஈடு வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள் என்றால் கொடுக்காதீர்கள். புகாருக்குக் கட்டணமே கிடையாது.

வாந்தி நிற்காவிட்டாலும், காய்ச்சலோ ரத்தமோ தெரிந்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அதுவரை உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

உங்கள் கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். நாளைக்குப் போய்ச் சோற்றைப் பற்றிக் கேளுங்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினால் அங்கேயே வாங்கலாம், அஜினோ போட்டாலும் சரி.